அனோவா செய்தாச்சு, பி-யும் வந்தாச்சு, எஃபெக்ட் சைஸ் எங்க?

தீசிஸ் எழுதிற பெடியள் பெட்டையளிட்ட றிசல்ட்ஸ் பகுதிய வாங்கிப் பாத்தா கன இடத்தில ஒரே வசனம்தான் இருக்கும். அனோவா (கன குழுக்களின்ர சராசரியள ஒப்பிடுற சோதனை) செய்தம், பி (உண்மையில வித்தியாசம் இல்லாட்டி இவ்வளவோ இதைவிடக் கூடவோ வித்தியாசம் தற்செயலா வர எவ்வளவு வாய்ப்பு எண்ட எண்) .05ஐ விடக் குறைவு, அதால வித்தியாசம் இருக்கு. அவ்வளவுதான், அடுத்த ரேபிளுக்குப் போயிடுவினம். வைவாவில ஆராவது "சரி, வித்தியாசம் இருக்கு, எவ்வளவு பெருசு?" எண்டு கேட்டாத்தான் முழிக்கிறது. உந்த "எவ்வளவு" எண்ட கேள்விக்கு மறுமொழிதான் எஃபெக்ட் சைஸ். பெரிய கணக்கொண்டும் இல்லை, கூட்டல் பிரித்தல் தெரிஞ்சாப் போதும், ஆனா சொப்ட்வெயார் ஒவ்வொண்டும் ஒவ்வொரு பேரில ஒவ்வொரு எண்ணத் தாறதால ஆக்கள் நல்லாக் குழம்பிப் போகினம்.

பி ஏன் காணாது எண்டு முதல் பாப்பம். பி எண்டது ரெண்டு விசயம் சேர்ந்து வாறது, வித்தியாசம் எவ்வளவு பெருசு எண்டதும், நீங்கள் எத்தினை பேரிட்ட டேட்டா எடுத்தனீங்கள் எண்டதும். ஆக்களக் கூட்டிக்கொண்டே போனா எவ்வளவு சின்ன வித்தியாசமும் ஒரு கட்டத்தில "சிக்னிஃபிகன்ட்" ஆகிடும். சும்மா ஒரு கணக்குக்கு, மூண்டு விதமான ரியூசனுக்குப் போற பிள்ளையள் 3000 பேரின்ர மாக்ஸ எடுத்து அனோவா செய்யிறம், எஃப் (குழுக்களுக்கு இடையில இருக்கிற மாற்றத்த குழுவுக்குள்ள இருக்கிற மாற்றத்தால பிரிச்ச எண்) 7.0 வருகுது எண்டு வையுங்கோ. டிஎஃப் (குழு எண்ணிக்கையில ஒண்டு குறைச்சது, ஆக்களின்ர எண்ணிக்கையில குழு எண்ணிக்கையக் கழிச்சது) 2, 2997. பி .001க்கும் குறைவு, மூண்டு நட்சத்திரம் போடலாம், எல்லாருக்கும் சந்தோசம். ஆனா எஃபெக்ட் சைஸக் கணக்குப் பாத்தா .005 கூட இல்லை. அதாவது பிள்ளையளின்ர மாக்ஸ் ஆளுக்காள் வித்தியாசப்படுறதில 0.5 வீதத்தைக்கூட எந்த ரியூசன் எண்டது விளங்கப்படுத்தேல்ல. மிச்சம் 99.5 வீதமும் வேற எதாலயோ. இத வச்சுக்கொண்டு இந்த ரியூசன்தான் திறம் எண்டு நோட்டீஸ் அடிக்க ஏலுமோ?

இனிக் கையால செய்து பாப்பம். அனோவாவ வளத்தெடுத்த ஃபிஷர் 1920களில இங்கிலாந்தில ரொதம்ஸ்ரெட் எண்ட விவசாய ஆராய்ச்சி நிலையத்திலதான் வேலை செய்தவர், உரம் போட்ட வயல் டேட்டாவோட மல்லுக்கட்டித்தான் உந்த முறையே வந்தது. எங்களுக்கும் வெங்காயம் இருக்கு. உரும்பிராய்ப் பக்கம் செம்மண் தோட்டமொண்டில 15 பாத்தி, 5 பாத்திக்கு மாட்டெரு மட்டும், 5க்கு செயற்கை உரம் மட்டும், 5க்கு ரெண்டும் கலந்து. ஒவ்வொரு பாத்தியிலயும் கிண்டின வெங்காயம் கிலோவில (எண்கள் நானா விளக்கத்துக்குப் போட்டது, ஆரும் தோட்டத்தைத் தேடிப் போயிடாதேங்கோ):

மாட்டெரு: 8, 9, 9, 11, 13
செயற்கை உரம்: 10, 10, 11, 13, 11
கலந்தது: 12, 14, 11, 13, 15

இடை முறையே 10, 11, 13. மொத்த இடை 11.33. அனோவா செய்யிற வேலை என்னெண்டா, இந்த 15 எண்ணும் மொத்த இடையில இருந்து விலகி நிக்கிற விலகல் முழுக்கவையும் வர்க்கமாக்கிக் கூட்டி, அத ரெண்டாப் பிரிக்கிறது, ஒரு பங்கு குழுவுக்குக் குழு வித்தியாசத்தால வந்தது, மற்றது ஒரே குழுவுக்குள்ள பாத்திக்குப் பாத்தி வித்தியாசத்தால வந்தது. எங்கட டேட்டாவில குழுக்களுக்கு இடையில 23.333, குழுக்களுக்குள்ள 32, மொத்தம் 55.333. இந்த மூண்டும்தான் எஸ்எஸ் எண்டு ரேபிளில வாறது, சம் ஒஃப் ஸ்குவயர்ஸ்.

எஃப் வாறது (23.333 ÷ 2) ஐ (32 ÷ 12) ஆல பிரிச்சு, 4.375 (2உம் 12உம் இங்க டிஎஃப்). பி .037.

ஈட்டா வர்க்கம் எண்டது வெறுமன 23.333 ÷ 55.333. விடை .42. பாத்திக்குப் பாத்தி விளைச்சல் மாறுறதில 42 வீதம் என்ன எரு போட்டது எண்டதோட சேர்ந்து போகுது எண்டு அர்த்தம். எக்ஸலில டேட்டா அனலிசிஸில அனோவா அடிச்சாலும் இந்த மூண்டு எஸ்எஸ்ஸும் வரும், எஃபெக்ட் சைஸ் எண்டு ஒரு வரியும் வராது, நீங்களே பக்கத்து செல்லில பிரிச்சு எடுக்கலாம்.

எஸ்பிஎஸ்எஸ் எண்ட புள்ளிவிபர சொப்ட்வெயார் பாவிக்கிற ஆக்கள் இந்த இடத்தில கொஞ்சம் நிண்டு வாசியுங்கோ. ஜெனரல் லீனியர் மொடல், யூனிவேரியேட் எண்டு போய் ஒப்ஷன்ஸில "எஸ்டிமேட்ஸ் ஒஃப் எஃபெக்ட் சைஸ்" எண்டத டிக் பண்ணினா ரேபிளின்ர கடைசி நிரலில பார்ஷியல் ஈட்டா வர்க்கம் வரும் (அது என்னெண்டு கீழ சொல்லுறன், இங்க ஒரே காரணி எண்டதால வெறும் ஈட்டாவும் அதுவும் ஒண்டுதான்). டிக் பண்ண மறந்துபோய் பிறகு கையால பிரிக்க வெளிக்கிடுற ஆக்களுக்கு அந்த ரேபிளில ஒரு பொறி இருக்கு. "டோட்டல்" எண்டு ஒரு வரி, அதுக்குக் கீழ "கரெக்டட் டோட்டல்" எண்டு இன்னொரு வரி. எங்கட டேட்டாவுக்கு டோட்டல் 1982, கரெக்டட் டோட்டல் 55.333. டோட்டல் எண்டு பேர் இருக்குத்தானே எண்டு 1982ஆல பிரிச்சா .01 எண்டு வரும், .42 எங்க .01 எங்க! அந்த 1982 எண்டது இடையக் கழிக்காம எண்களச் சும்மா வர்க்கிச்சுக் கூட்டினது, எங்களுக்கு அது தேவையில்லை. எப்பவும் கரெக்டட் டோட்டல்தான்.

அதே ரேபிளுக்குக் கீழ சின்ன எழுத்தில ஒரு அடிக்குறிப்பு இருக்கும், கன பேர் அத வாசிக்கிறதே இல்லை. ஆர் ஸ்குவயர்ட் .422, அட்ஜஸ்டட் ஆர் ஸ்குவயர்ட் .325 எண்டு. ஒன்வே அனோவாவில அந்த ஆர் ஸ்குவயர்ட்தான் ஈட்டா வர்க்கம், அட்ஜஸ்டட் எண்டதுதான் எப்சிலன் வர்க்கம் (ஈட்டா மாதிரி இன்னொரு எஃபெக்ட் சைஸ், கீழ வருகுது). எவ்வளவு பழைய வேர்ஷன் வச்சிருந்தாலும் ரெண்டு எஃபெக்ட் சைஸ் சும்மாவே கையில கிடக்கு. 27ஆம் வேர்ஷனில இருந்து ஒன்வே அனோவா மெனுவுக்குள்ளயே ஈட்டா, எப்சிலன், ஒமேகா மூண்டையும் தனி ரேபிளாத் தருகுது.

சரி, ஒண்டு போதாதெண்டு ஏன் மூண்டு? ஈட்டா வர்க்கம் கொஞ்சம் புழுகும், அதுதான் காரணம். மூண்டு எருவுக்கும் உண்மையில ஒரு வித்தியாசமும் இல்லை எண்டு வையுங்கோ, அப்பவும் 5 பாத்தி 5 பாத்தியாப் பிரிச்சு இடை எடுத்தா மூண்டு இடையும் அச்சொட்டா ஒரே எண்ணா வராது, தற்செயலாவே கொஞ்சம் ஏறி இறங்கி நிக்கும். அந்தத் தற்செயலையும் ஈட்டா "என்ர பங்கு" எண்டு கணக்கில சேத்துப்போடும். பாத்தி குறையக் குறைய இந்தப் புழுகு கூடும். ஒமேகா வர்க்கம் தற்செயலுக்கு எண்டு ஒரு பங்க முதலே கழிச்சுப்போட்டுத்தான் பிரிக்கும். மேல 23.333 இல இருந்து 2 × 2.667 (2.667 எண்டது 32 ÷ 12) ஐக் கழிச்சா 18, கீழ 55.333 ஓட 2.667 ஐக் கூட்டினா 58, 18 ÷ 58 = .31. எப்சிலனுக்கு மேல அதே 18, கீழ கூட்டாம 55.333, விடை .33. ஈட்டா சொன்ன .42 எங்க, ஒமேகா சொல்லுற .31 எங்க. 300 பாத்தி இருந்தா இவை மூண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணுக்கு வந்திடும். ஆனா எங்கட ஆக்களின்ர ஆராய்ச்சியில 300 பாத்தி எங்க, 15, 20ஓட தானே ஓடுது, அதால என்னக் கேட்டா சின்ன சாம்பிளுக்கு ஒமேகாவப் போடுங்கோ எண்டுதான் சொல்லுவன். சுப்பர்வைசர் ஈட்டாதான் வேணும் எண்டு நிண்டா ரெண்டையும் போட்டு விடுங்கோ, ஒரு வரிதானே.

ஒமேகா சில நேரம் மைனஸில வரும், பயப்பிடாதேங்கோ. எஃப் 1ஐ விடக் குறைஞ்சா அப்பிடித்தான் வரும், கழிச்ச தற்செயல் பங்கு இருந்த பங்க விடக் கூடிப் போச்சு எண்டு அர்த்தம். எஸ்பிஎஸ்எஸ் அத 0 ஆக்காம மைனஸாவே விட்டுப்போட்டுக் கீழ ஒரு குறிப்பும் போடும். எழுதேக்க நீங்களும் அப்பிடியே எழுதலாம்.

இனிப் பெரிய குழப்பம், பார்ஷியல் ஈட்டா. ஒரே ஒரு காரணி மட்டும் இருந்தா பார்ஷியலும் வெறும் ஈட்டாவும் ஒண்டுதான், ஒரு சண்டையும் இல்லை. ரெண்டாவது காரணி வந்தவுடனதான் ரெண்டும் பிரிஞ்சு போகும். எருவோட தண்ணி இறைக்கிற முறையையும் சேப்பம், வாய்க்காலால இறைக்கிறதும் தூவல் முறையும். எஸ்எஸ் இப்பிடி வந்தது எண்டு வையுங்கோ: எரு 60, தண்ணி 100, ரெண்டும் சேர்ந்த இன்டரக்ஷன் (ஒண்டின்ர விளைவு மற்றதப் பொறுத்து மாறுறது) 20, எரர் (குழுவுக்குள்ள மிஞ்சினது) 60. மொத்தம் 240.

எருவின்ர ஈட்டா வர்க்கம் 60 ÷ 240, .25. பார்ஷியல் எண்டா மற்றக் காரணியளின்ர பங்க மொத்தத்தில இருந்து தூக்கிப்போட்டு, எருவையும் எரரையும் மட்டும் வச்சுப் பிரிக்கிறது, 60 ÷ 120, .50. ஒரே தோட்டம், ஒரே வெங்காயம், ஒராள் எரு 25 வீதம் எண்டுறார், மற்றவர் 50 எண்டுறார், ரெண்டு பேரும் பிழை சொல்லேல்ல. கேள்விதான் வேற. முதல் கேள்வி விளைச்சல் மாறுறதில மொத்தத்தில எருவுக்கு எவ்வளவு பங்கு எண்டது. ரெண்டாவது, தண்ணியாலயும் இன்டரக்ஷனாலயும் வந்த மாற்றத்த ஒதுக்கிப்போட்டுப் பாத்தா மிச்சத்தில எருவுக்கு எவ்வளவு எண்டது.

தண்ணியின்ர பார்ஷியல் 100 ÷ 160, .625. இன்டரக்ஷனுக்கு 20 ÷ 80, .25. இப்ப மூண்டு பார்ஷியலையும் கூட்டிப் பாருங்கோ, 1.375. நூற்றுக்கு நூற்றி முப்பத்தேழு வீதம் விளங்கப்படுத்தியாச்சாம்! பார்ஷியல் ஈட்டாவ "மொத்தத்தில இத்தினை வீதம்" எண்டு எழுதக்கூடாது எண்டுறது இதாலதான். ஆனா பழைய எஸ்பிஎஸ்எஸ் வேர்ஷன்களில பார்ஷியல் ஈட்டாவையே வெறும் "ஈட்டா ஸ்குவயர்ட்" எண்டு பேர் போட்டுக் குடுத்தவை, அத நம்பி எழுதின கட்டுரையள் ஜேர்னல்களிலயே வந்திருக்கு, பிறகு 2000களின்ர தொடக்கத்தில ஆராய்ச்சியாளர்கள் இதச் சுட்டிக்காட்டி எழுதினவை. ஆகவே பழைய கட்டுரையில ஈட்டா எண்டு இருந்தா உடன நம்பாதேங்கோ, எல்லாத்தையும் கூட்டி 1ஐத் தாண்டுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ, தாண்டினாப் பேர் பிழை. தாண்டாட்டிலும், எஃப்பும் டிஎஃப்பும் அங்க எழுதியிருந்தா பார்ஷியல நீங்களே எடுக்கலாம்: எஃப்ப முதல் டிஎஃப்பால பெருக்கி, அந்த விடைய, அதே விடையோட ரெண்டாவது டிஎஃப்பக் கூட்டின தொகையால பிரிக்க வேண்டியதுதான். எங்கட முதல் உதாரணத்துக்கு 4.375 × 2 = 8.75, அத 8.75 + 12 ஆல பிரிச்சா .42. மேல ரியூசன் கதையில வந்த .005ஐயும் இப்பிடித்தான் எடுத்தது, 14 ÷ 3011.

எது போடலாம் எண்டா, காரணியள் எல்லாம் நீங்களே குடுத்ததெண்டா (எரு, தண்ணி மாதிரி) பார்ஷியல் போடுறதில நியாயம் இருக்கு. ஒரு பக்கம் ஆண் பெண், ஊர், வயசு எண்டு இயற்கையாவே இருக்கிற காரணியும் கலந்திருந்தா பார்ஷியல வச்சு மற்ற ஆக்களின்ர ஆராய்ச்சியோட ஒப்பிடுறது சரிவராது, அதுக்கெண்டு ஜெனரலைஸ்ட் ஈட்டா எண்டு ஒண்ட 2003இல ஒலெய்னிக், அல்ஜினா எண்ட ரெண்டு பேர் முன்வச்சவை. ஒரே ஆளிட்ட திருப்பித் திருப்பி அளக்கிற ரிப்பீட்டட் மெஷர்ஸ் டிசைனுக்கும் அதுதான் நல்லம்.

மற்ற சொப்ட்வெயார்களப் பற்றிச் சுருக்கமா. ஜாஸ்ப், ஜமோவி ரெண்டும் இலவசம், அனோவா மெனுவில ஈட்டா, பார்ஷியல் ஈட்டா, ஒமேகா எண்டு தனித்தனி டிக் பெட்டியள் இருக்கு, வேணுமானதப் போடலாம். லைசென்ஸ் இல்லாத எஸ்பிஎஸ்எஸ்ஸ ஆற்றையோ பென்டிரைவில வாங்கி வைரசோட சேத்து ஏத்திற ஆக்கள் ஏன் இதுக்கு மாறீனமில்லை எண்டு எனக்கு விளங்கிறதே இல்லை. ஸ்டேட்டாவில அனோவா ஓடின பிறகு எஸ்டாட் ஈசைஸ் எண்டு அடிக்கோணும். ஆர் (R) எண்ட சொப்ட்வெயார் பாவிக்கிற ஆக்களுக்கு எஃபெக்ட்சைஸ் எண்டே ஒரு பக்கேஜ் இருக்கு, அதில ஈட்டா ஸ்குவயர்ட் எண்ட ஃபங்ஷன நீங்கள் ஒண்டும் சொல்லாம விட்டா பார்ஷியலத்தான் தரும், வெறும் ஈட்டா வேணுமெண்டா பார்ஷியல் எண்ட இடத்தில ஃபோல்ஸ் எண்டு குடுங்கோ. இன்னொண்டு, ஆரில இருக்கிற சாதாரண அனோவா ஃபங்ஷன் டைப் 1 எஸ்எஸ்ஸப் (காரணியள எழுதின வரிசையில ஒண்டொண்டாப் பங்கு பிரிக்கிறது) பாவிக்கும், எஸ்பிஎஸ்எஸ் சொல்லாமலே டைப் 3 (ஒவ்வொண்டையும் மற்ற எல்லாத்தையும் கணக்கில எடுத்த பிறகு பாக்கிறது) எடுக்கும். எல்லாக் குழுவிலயும் பாத்தி எண்ணிக்கை சமனா இருந்தா வித்தியாசம் வராது. ரெண்டு மூண்டு காரணி இருக்கேக்க மழை வெள்ளத்தில நாலு பாத்தி அள்ளுப்பட்டுப் போய் எண்ணிக்கை குழம்பினா ரெண்டும் வேற வேற எஸ்எஸ் தரும், அதோட எஃபெக்ட் சைஸும் மாறும். ஃபிரண்டுக்கு ஒரு எண், உங்களுக்கு ஒரு எண் வந்தா முதல் பாக்க வேண்டிய இடம் அதுதான்.

கொன்ஃபிடன்ஸ் இன்டர்வல் (உண்மையான அளவு எதுக்கும் எதுக்கும் இடையில இருக்கலாம் எண்ட இடைவெளி) பற்றி ஆரும் கதைக்கிறதில்லை, ஆனா ருசியான விசயம். எங்கட 15 பாத்திக்கு பி .037, அதாவது சிக்னிஃபிகன்ட். அதே டேட்டாவுக்கு ஈட்டா வர்க்கத்தின்ர வழமையான இருபக்க 95 வீத இடைவெளிய எடுத்தா அதின்ர கீழ் எல்லை 0 எண்டு வரும். என்னடா இது, வித்தியாசம் இருக்கு எண்டும் சொல்லுது, 0 ஆகவும் இருக்கலாம் எண்டும் சொல்லுது? காரணம் என்னெண்டா எஃப் ரெஸ்ட் ஒரு பக்கம் மட்டும் பாக்கிற ரெஸ்ட், 5 வீதம் முழுக்க மேல் பக்கத்திலதான் நிக்குது. 95 வீத இடைவெளி ரெண்டு பக்கமும் 2.5, 2.5 எண்டு பிரிச்சுப்போடும், எங்கட .037 அந்த .025க்குள்ள வரேல்ல, அதால 0 உள்ளுக்க வந்திட்டுது. பி-யோட ஒத்துப்போறது 90 வீத இடைவெளிதான். ஆரில அந்த எஃபெக்ட்சைஸ் பக்கேஜ் ஒருபக்க இடைவெளிய எடுக்கிறதாலதான் மேல் எல்லை எப்பவும் 1.00 எண்டே காட்டும், அது பிழையில்லை. எத எடுத்தாலும் 90ஓ 95ஓ எண்டு எழுதி விடுங்கோ.

.01 சின்னன், .06 நடுத்தரம், .14 பெருசு எண்ட ரேபிள எல்லாரும் கொப்பி பண்ணிப் போடுவினம். அது ஜேக்கப் கோகன் எண்ட உளவியலாளர் அனோவாவுக்கெண்டு எஃப் எண்ட இன்னொரு அளவில (அனோவாவின்ர எஃப் இல்லை, இது வேற சின்ன எஃப்) .10, .25, .40 எண்டு வச்ச எல்லையள ஈட்டாவுக்கு மாத்தினது. வேற ஒப்பிட ஒண்டுமே இல்லாட்டிப் பாவிக்கச் சொல்லித்தான் அவரே வச்சவர். வெங்காயத்தில .14 பெருசோ எண்டு முந்தி வெங்காயத்தில செய்த ஆராய்ச்சியளத்தான் கேக்கோணும், நடத்தை விஞ்ஞானத்துக்கெண்டு வச்ச எல்லையக் கேட்டு வேலையில்லை. ஆனா கன தீசிஸில "கோகனின்படி இது பெரிய விளைவு" எண்டு எழுதிப்போட்டு அத்தோட முடிஞ்சுது.

இன்னொண்டு, ஈட்டாவோ ஒமேகாவோ மூண்டு குழுவுக்கும் சேத்து ஒரு எண்தான் தரும், எது எத வெண்டது எண்டு அது சொல்லாது. அதுக்கு டூக்கி மாதிரி ஒரு போஸ்ட் ஹொக் (குழுக்களச் சோடி சோடியா ஒப்பிடுற சோதனை) செய்யோணும். எங்கட டேட்டாவில டூக்கி ஓட்டினா கலந்ததுக்கும் மாட்டெருவுக்கும் இடையில மட்டும்தான் வித்தியாசம் நிக்கும், மற்ற ரெண்டு சோடியும் நிக்காது. அந்தச் சோடிக்கு இடை வித்தியாசம் 3 கிலோ, குழுவுக்குள்ள இருக்கிற நியம விலகல் 1.63, பிரிச்சா கோகனின்ர டி 1.84. இந்த 3 கிலோவ மறக்காம எழுதுங்கோ. தோட்டக்காரரிட்டப் போய் ஒமேகா .31 எண்டு சொன்னா அவர் என்ன செய்வார், பாத்திக்கு 3 கிலோ கூடும் எண்டா மாட்டெருவோட உரமும் வாங்கிற செலவக் கழிச்சு மிச்சம் வருமோ எண்டு அவரே கணக்குப் பாப்பார். அலகோட இருக்கிற வித்தியாசமும் எஃபெக்ட் சைஸ்தான், அத ஆரும் தடுக்கேல்ல.

கடைசீல தீசிஸில எழுதேக்க இப்பிடி வந்தாக் காணும்: "எரு வகைக்கேற்ப விளைச்சல் வேறுபட்டது, எஃப்(2, 12) = 4.38, பி = .037, ஒமேகா வர்க்கம் = .31. கலப்பு எரு இட்ட பாத்திகள் மாட்டெரு மட்டும் இட்டவற்றை விடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாகத் தந்தன, டி = 1.84." ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின்ர எழுத்து விதி) முறையில தசமத்துக்கு முன்னால 0 போடுறதில்லை 1ஐத் தாண்டவே ஏலாத எண்களுக்கு, அதுதான் .31. டி 1ஐத் தாண்டும், அதால 1க்குக் கீழ வந்தா அதுக்கு 0.84 எண்டு போடோணும்.

அடுத்த போகத்துக்கு எத்தினை பாத்தி வேணும் எண்டு ஜிபவர் எண்ட சொப்ட்வெயாரில போட்டுப் பாக்கிற ஆக்களுக்கு இன்னொரு விசயம். அது கேக்கிறது கோகனின்ர அந்தச் சின்ன எஃப்ப. ஈட்டா .42ஐ அதே எண்ணா அந்தப் பெட்டியில போட்டாப் பிழை, முதல் மாத்தோணும், .42ஐ 1 - .42ஆல பிரிச்சு வர்க்கமூலம் எடுத்தா .85. ஒமேகாவின்ர .31ஐ வச்சு மாத்தினா .67. .85ஐக் குடுத்தா குறைஞ்ச பாத்தி போதும் எண்டு சொல்லும், நீங்களும் சந்தோசமா நட்டுப்போட்டு அறுவடைக்குப் பிறகு பி .09ஓட நிப்பியள், அதால .67ஐக் குடுங்கோ, இன்னும் கீழ எண்டாலும் நட்டமில்லை. ரிப்பீட்டட் மெஷர்ஸ் எண்டா எஸ்பிஎஸ்எஸ் தந்த பார்ஷியல் ஈட்டாவ ஜிபவரில போட முதல் அதின்ர ஒப்ஷன்ஸில "அஸ் இன் எஸ்பிஎஸ்எஸ்" எண்டதத் தெரிவு செய்யுங்கோ, ஏனெண்டா அது வழமையா எடுக்கிற கணக்கு வேற.